விசில் ஊத ஆளில்லாத ஆட்டம்

பாய்மரப் படகு ஒன்று மேல் மார்க்கை (காற்று வரும் பக்கம் சுற்றிவர வேண்டிய மிதவையை) சுற்றும் நேரத்தில் பூமின், அதாவது பாயின் அடிக்கட்டையின், நுனி மிதவையை லேசாக உரசிவிட்டுப் போகிறது. காற்றடைத்த ஆரஞ்சு நிற மிதவை. தொட்டால் ஓசை வராது, விளக்கு எரியாது. முன்னால் போன படகு 20 மீட்டர் தாண்டிவிட்டது. பின்னால் வருகிறவரின் கண் அவருடைய பாயில் இருக்கிறது. பந்தயக் குழுவின் படகு ஸ்டார்ட் லைன் பக்கம், வெகு தொலைவில். உரசியது தெரிந்த ஒரே ஆள், டில்லரை (சுக்கான் பிடியை) பிடித்திருப்பவர்தான். அவர் கூட்டத்தை விட்டு விலகுகிறார், தனக்குத் தானே தண்டனையாக ஒரு முழுச் சுற்று சுற்றுகிறார், கைவிட்டுப் போன மூன்று நான்கு இடங்களோடு பந்தயத்தைத் தொடர்கிறார்.

பாய்மரப் படகுப் பந்தயத்தின் அடித்தளம் இந்தக் காட்சிதான். உலகெங்கும் கிளப் பந்தயம் முதல் ஒலிம்பிக் வரை ஒரே விதிப்புத்தகம். வேர்ல்ட் செய்லிங் அமைப்பு அதை 4 ஆண்டுக்கு ஒருமுறை திருத்தி வெளியிடுகிறது; இப்போது நடப்பில் இருப்பது 2025 ஜனவரி 1 முதல் 2028 முடிய உள்ள பதிப்பு. முதல் விதிக்கும் முன்னால், அடிப்படைக் கொள்கை என்ற தலைப்பில் சில வரிகள் வருகின்றன. விதிகளைப் பின்பற்றுவதும் நடைமுறைப்படுத்துவதும் போட்டியாளரின் பொறுப்பு, விதியை மீறியவர் உடனே தானே தண்டனையை எடுத்துக்கொள்ள வேண்டும், தேவைப்பட்டால் பந்தயத்தை விட்டே விலக வேண்டும் என்பது அதன் சாரம்.

இரண்டு படகுகள் மட்டும் மோதும் மேட்ச் ரேஸிலும், அணிப் பந்தயத்திலும் நடுவர்கள் தண்ணீரிலேயே கூட வந்து தீர்ப்புச் சொல்வதுண்டு. பெரிய போட்டிகளில் படகை உடலால் ஆட்டி வேகம் கூட்டுகிறார்களா என்று பார்க்க ஜூரி சுற்றிவரும். ஞாயிற்றுக்கிழமை காலை கிளப்பில் அதெல்லாம் கிடையாது. 15 படகு, கொடியும் கடிகாரமுமாக இரண்டு தன்னார்வலர்கள், ஒரு ரெஸ்க்யூ படகு. அவ்வளவுதான் ஏற்பாடு. சென்னைத் துறைமுகத்தில் 1911 முதல் இயங்கிவரும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் ஆனாலும், இங்கிலாந்தில் ஏதோ ஒரு ஏரிக்கரைக் கிளப் ஆனாலும் நிலைமை ஒன்றுதான்.

ஆகவே கிளப்பில் ஒழுங்காக நடந்துகொள்வதை மேலே தூவும் அலங்காரமாக நினைப்பது தவறு. அது இல்லாமல் பந்தயமே ஓடாது. ஒருவர் சுற்றாமல் தப்பித்துப் பழகினால், சுற்றுகிறவர் ஏமாளி ஆகிறார். அடுத்த மாதம் அவரும் சுற்றமாட்டார். பிறகு ஒவ்வொரு மார்க்கிலும் கூச்சல், கரைக்கு வந்ததும் சண்டை, கொஞ்ச நாளில் புதிதாகச் சேர்ந்தவர்கள் வருவதை நிறுத்திவிடுவார்கள். கிளப்புகள் பெரும்பாலும் பணம் இல்லாமல் சாவதில்லை, இப்படித்தான் சாகின்றன என்பது என் எண்ணம்.

தண்டனைச் சுற்றிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மரியாதை பற்றிப் பேசுகிறவர்கள் அதைச் செய்யும் முறையைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். மார்க்கைத் தொட்டால் ஒரு சுற்று. வழிவிட வேண்டிய படகுக்கு வழிவிடாமல் போனால் இரண்டு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு டாக் (முன்முனை காற்றைக் கடந்து திரும்புவது), ஒரு ஜைப் (பின்முனை காற்றைக் கடந்து திரும்புவது) இருக்க வேண்டும். இரண்டு சுற்றும் ஒரே திசையில் இருக்க வேண்டும். இடமாக ஒன்று, வலமாக ஒன்று என்றால் செல்லாது. சம்பவம் நடந்த பின் முடிந்த விரைவில் மற்ற படகுகளை விட்டு நன்றாக விலகி, உடனே சுற்ற வேண்டும். "அடுத்த மார்க் தாண்டி, இடம் கிடைக்கும்போது சுற்றிக்கொள்கிறேன்" என்பது தண்டனையே அல்ல. சுற்றிக்கொண்டிருக்கும்போது மற்ற எல்லாப் படகுக்கும் நீங்கள்தான் வழிவிட வேண்டும். முடிவுக் கோட்டின் அருகே சுற்றினால், சுற்றிய பின் படகின் உடல் முழுக்கக் கோட்டுக்கு இந்தப் பக்கம், அதாவது பந்தயப் பக்கம், வந்துவிட்டுத்தான் கோட்டைக் கடக்க வேண்டும். யாருக்காவது காயமோ, படகுக்குப் பெரிய சேதமோ ஆகியிருந்தால், அல்லது மீறியதால் கணிசமான லாபம் கிடைத்திருந்தால், சுற்று போதாது. விலகத்தான் வேண்டும்.

ஐஎல்சிஏவில் (முன்பு லேசர் என்று அழைத்த ஒற்றை ஆள் படகு) இதைச் செய்யும் வகையைப் பார்ப்போம். காற்றுக்கு எதிராகப் போர்ட் டாக்கில் (காற்று இடப்பக்கமிருந்து வரும்படி) போய்க்கொண்டிருக்கிறீர்கள், ஸ்டார்போர்ட் டாக் (காற்று வலப்பக்கமிருந்து வரும்) படகு ஒன்று உங்களால் வளைய வேண்டியதாயிற்று. முதல் வேலை தலையைத் திருப்பிப் பார்ப்பது: பின்னால் யார், கீழ்க்காற்றுப் பக்கம் (காற்று போகும் பக்கம்) யார். வெற்றிடம் தெரிந்ததும் பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கிக்கர் கயிற்றைச் சற்றுத் தளர்த்துங்கள். இறுக்கமாக இருந்தால் பூம் தாழ்ந்து நின்று ஜைப்பில் தலையைப் பதம் பார்க்கும். படகும் காற்றை விட்டுத் திரும்ப மறுக்கும். ஷீட்டை (பாயை இழுக்கும் கயிற்றை) விட்டு, உடலை வெளியே சாய்த்துப் படகை உங்கள் பக்கம் சரித்தால் சுக்கானுக்கு வேலை குறையும், படகு தானாகக் கீழே திரும்பும். ஜைப் ஆகும் கணத்தில் ஷீட்டை ஒருமுறை சுண்டி இழுங்கள். இழுக்காவிட்டால் தொங்கும் கயிறு படகின் பின்முனை மூலையில் மாட்டிக்கொள்ளும், பூம் பாதியில் நின்றுவிடும், பலத்த காற்றென்றால் அப்படியே கவிழ்வீர்கள். ஜைப் முடிந்ததும் படகைக் கீழ்க்காற்றுப் பக்கம் கொஞ்சம் சாயவிட்டு, ஷீட்டை வாரிக்கொண்டே காற்றை நோக்கி மேலே ஏறி டாக் அடித்தால் ஒரு சுற்று. டாக் முடிந்து படகு நிற்பதற்குள் மறுபடி கீழே தள்ளுங்கள். நின்றுவிட்டால் சுக்கான் பிடிக்காது, அங்கேதான் நேரமெல்லாம் போகும். பழகிய கையில் மிதமான காற்றில் இரண்டு சுற்றும் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இதை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. சுற்ற மறுப்பவர்களில் பலர் கெட்டவர்கள் அல்ல, சுற்றத் தெரியாதவர்கள். இரண்டு நிமிடம் தடுமாறி, கவிழ்ந்து, கடைசியாகப் போய்விடுவோம் என்ற பயத்தில் வாதாடத் தொடங்குகிறார்கள். பந்தயத்துக்கு முன் தண்ணீரில் சும்மா சுற்றித் திரியும் நேரத்தில் இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு என்று ஒவ்வொரு வாரமும் பழகினால், நேர்மையின் விலை 30 வினாடிக்கு இறங்கிவிடுகிறது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் நேர்மையைப் பற்றி உரை நிகழ்த்துவதை விட இந்தப் பயிற்சியைத் தருவது மேல்.

அடுத்தது குரல். ஸ்டார்போர்ட் டாக்கில் வருபவருக்கு வழியுரிமை. போர்ட் டாக்கில் வருபவர் ஒதுங்க வேண்டும். "ஸ்டார்போர்ட்!" என்று கூவ வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. ஆனால் கூவுவது நல்ல பழக்கம், அதுவும் நேரத்தோடு கூவுவது. இரண்டு ஐஎல்சிஏ ஆளுக்கு நாலரை நாட் வேகத்தில், ஏறக்குறைய செங்கோணத்தில் ஒன்றையொன்று நெருங்கினால், இடைவெளி வினாடிக்குச் சுமார் 3.3 மீட்டர் கரைகிறது. 30 மீட்டர் என்பது 9 வினாடி. அந்த 9 வினாடிக்குள் எதிர் ஆள் கேட்டு, பாயின் கீழே குனிந்து பார்த்து, டாக் அடிப்பதா பின்னால் வளைவதா என்று முடிவெடுத்து, செய்தும் முடிக்க வேண்டும். 8 மீட்டரில் வந்து அலறினால் அவருக்குக் கிடைப்பது இரண்டரை வினாடி. அப்படி அலறி, அவர் பதறிக் கவிழ்ந்த பிறகு "நான்தான் கூவினேனே" என்பது நியாயம் ஆகாது. வழியுரிமை உள்ளவரும் முடிந்தவரை மோதலைத் தவிர்க்கத்தான் வேண்டும் என்பது 14ஆம் விதி. எதிர்ப்படகு விலகப் போவதில்லை என்று தெளிவாகும் வரை காத்திருக்கலாம், அதற்கு மேல் கூடாது.

இன்னொரு வழியும் உண்டு, அனுபவசாலிகள் விரும்பிச் செய்வது. ஸ்டார்போர்டில் வருகிறவருக்குத் தன் பக்கமே நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போர்ட் படகு வந்து கீழ்க்காற்றுப் பக்கம் முகத்துக்கு முன்னால் டாக் அடித்தால், அதன் பாயிலிருந்து வரும் கலங்கிய காற்று இவருக்குத்தான் கெடுதல். அப்போது கையை அசைத்து "தம்பி, போ, போ, க்ராஸ் பண்ணிக்கோ!" என்று விட்டு, தானே கொஞ்சம் வளைந்து அவன் பின்னால் போவது நல்லது. அரைப் படகு நீளம் இழப்பு, ஆனால் சுத்தமான காற்று கையில். இளையவரும் தூரத்திலேயே "அண்ணா, க்ராஸா டாக்கா?" என்று கேட்டுவிடலாம். பதில் வராவிட்டால் உரிமை இல்லை என்றே எடுத்துக்கொண்டு விலக வேண்டும்.

மார்க் பக்கத்தில்தான் பெரும்பாலான மனக்கசப்பு விளைகிறது. மார்க்கைச் சுற்றி 3 படகு நீளம் வரை ஒரு வட்டம் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். ஐஎல்சிஏவின் நீளம் 4.23 மீட்டர், ஆக வட்டம் 12.7 மீட்டர், பிள்ளைகள் ஓட்டும் ஆப்டிமிஸ்ட் 2.3 மீட்டர், வட்டம் 7 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. முதல் படகு அந்த வட்டத்தைத் தொடும் கணத்தில் இரண்டும் பக்கவாட்டில் ஒட்டியிருந்தால், அதாவது ஓவர்லாப் இருந்தால், வெளிப்படகு உள்படகுக்குச் சுற்ற இடம் தர வேண்டும். தண்ணீரில் கோடு போட்டிருக்காது. ஆடும் படகிலிருந்து 12.7 மீட்டரை இரண்டு பேர் இரண்டு விதமாகத்தான் பார்ப்பார்கள். இதில் ஏமாற்றுக்காரர் யாரும் இல்லை, கண்தான் வேறு வேறு. அதனால்தான் விதியே ஒரு வழி சொல்கிறது: ஓவர்லாப் நேரத்துக்குள் கிடைத்ததா, விட்டதா என்று நியாயமான சந்தேகம் இருந்தால், அந்த மாற்றம் நடக்கவில்லை என்றே கொள்ள வேண்டும். பின்னாலிருந்து கடைசி நொடியில் மூக்கை நுழைத்தவருக்கு உரிமை இல்லை. முன்பிருந்தே ஒட்டி வந்தவருக்கு உண்டு.

நடைமுறையில் உதவுவது, வட்டத்துக்குச் சற்று முன்பே நிலைமையை உரக்கச் சொல்லிவிடுவது. "ஓவர்லாப் இருக்கு" அல்லது "ஓவர்லாப் இல்ல, பின்னால வாங்க." ஒரே ஒரு தடவை, ஏச்சுப் பேச்சு இல்லாமல். மற்றவர் மறுத்தால் இடம் கொடுத்துவிட்டு உடனே புரொடெஸ்ட் (விதிமீறல் என்று முறைப்படி எதிர்ப்பு) செய்வது புத்திசாலித்தனம். விதிப்படி உங்கள் உரிமை அதனால் போகாது, இரண்டு படகும் உடையாது. இடத்துக்காகப் போராடி மோதி, பக்கச்சுவரில் ஓட்டை விழுந்தால், வழியுரிமை யாருடையது என்ற கேள்விக்கே அன்று மதிப்பில்லை. அப்படி அடிபட்ட ஃபைபர் கிளாஸில் வெடிப்பு சிறிதானாலும் மறைக்கக் கூடாது. உடையவரிடம் அங்கேயே காட்டி, ஈரம் துடைத்து டேப் ஒட்டிக் கொடுக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் தண்ணீர் உள்ளே ஊறி, படகு வாரத்துக்கு வாரம் கனமாகும்.

ஸ்டார்ட் லைனில் நேர்மை இன்னும் சிறிய விஷயம் போலத் தோன்றும். 5 நிமிடத்தில் எச்சரிக்கைக் கொடி, 4 நிமிடத்தில் தயார்க் கொடி, 1 நிமிடத்தில் அது இறங்கும், பூஜ்யத்தில் ஸ்டார்ட். யாராவது முன்கூட்டியே கோட்டைத் தாண்டியிருந்தால் நீலச் சிலுவை போட்ட வெள்ளைக் கொடியான எக்ஸ் கொடி ஏறும், கூடவே ஒரு ஓசை. அந்தக் கொடி அதிகபட்சம் 4 நிமிடம் நிற்கும். கிளப்பில் கோட்டைப் பார்ப்பவர் ஒருவர். 12 படகு ஒரே நேரத்தில் பாய்ந்தால் நடுவில் உள்ளவரின் பாய் எண் அவருக்குத் தெரியாது. தாண்டியது உங்களுக்கு மட்டும் தெரியும். திரும்பி வந்து, கோட்டுக்குப் பின்னால் முழுக்க இறங்கி, மறுபடி கிளம்ப வேண்டும். திரும்பி வரும்போது சரியாகக் கிளம்பிய எல்லோருக்கும் நீங்கள் வழிவிட வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் பந்தயமே போனது போல இருக்கும். சிறு பந்தயத்தில் உண்மையிலேயே போய்விடுகிறதுதான்.

காற்று செத்த நாளில் 42ஆம் விதி சோதிக்கும். படகு காற்றாலும் நீராலும் மட்டுமே நகர வேண்டும். பாயை விசிறி போல அடிப்பது, படகை இடமும் வலமும் உருட்டுவது, உடலை முன்னால் எறிந்து சட்டென்று நிறுத்துவது, சுக்கானைத் துடுப்பு போல ஆட்டுவது எல்லாம் தடை. அலையில் சறுக்கும் அல்லது நீர்மேல் எழும் நிலைமை இருந்தால் மட்டும், அதுவும் காற்றுக்கு எதிராகப் போகாதபோது, ஒவ்வொரு அலைக்கும் காற்றுவீச்சுக்கும் ஒரு தடவை பாயை இழுக்கலாம். கிளப்பில் இதைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள். ஆனால் பக்கத்துப் படகில் 12 வயதுப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும், அடுத்த வாரம் அதையே செய்யும்.

இப்போது புரொடெஸ்ட். நம் ஊரில் இந்தச் சொல்லைக் கேட்டாலே முகம் சுருங்குகிறது. புகார் கொடுப்பது, போட்டுக்கொடுப்பது என்ற பொருளில் எடுத்துக்கொள்கிறார்கள். பெரியவர் மேல், கிளப் உறுப்பினர் மேல், நேற்று உங்களுக்கு ரிக்கிங் (பாயும் கயிறும் பூட்டும் வேலை) சொல்லிக்கொடுத்த அண்ணன் மேல் புரொடெஸ்ட் போடுவது மரியாதைக் குறைவு என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். இது மாற வேண்டும். நடுவர் இல்லாத ஆட்டத்தில் புரொடெஸ்ட் என்பது மூன்றாம் ஆளிடம் கேட்டுத் தெளிவது. போடாமல் முணுமுணுப்பதுதான் மரியாதைக் குறைவு. டீக்கடையில் நாலு பேரிடம் "அவர் சுத்தமா ஓட்டமாட்டார்" என்று சொல்வது அதைவிடவும் மோசம், ஏனென்றால் அங்கே அவர் பதில் சொல்ல முடியாது.

முறை எளிது. சம்பவம் நடந்தவுடன் "புரொடெஸ்ட்!" என்ற அந்தச் சொல்லையே சொல்ல வேண்டும். "டேய், என்னடா பண்ற", "சுத்துங்க சார்" என்பதெல்லாம் கணக்கில் வராது. 6 மீட்டருக்கு மேற்பட்ட படகென்றால் சிவப்புக் கொடியும் உடனே காட்ட வேண்டும். ஆப்டிமிஸ்ட், ஐஎல்சிஏ போன்றவற்றுக்குக் குரல் போதும். தாமதித்தால் எவ்வளவு நியாயம் இருந்தாலும் விசாரணைக்கே எடுக்கமாட்டார்கள். கரைக்கு வந்து, குறித்த நேரத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பந்தய அறிவிப்பில் நேரம் எதுவும் சொல்லவில்லை என்றால், கடைசிப் படகு முடித்ததிலிருந்து 2 மணி நேரம். எங்கே, எப்போது, காற்று எந்தப் பக்கம், எத்தனை படகு நீளம், ஒரு வரைபடம். கோபத்தை எழுத வேண்டாம். "வேண்டுமென்றே", "எப்போதும் இப்படித்தான்" என்ற சொற்கள் வந்தாலே உங்கள் வாதம் வலுவிழக்கும், ஏனென்றால் வழியுரிமை விதிகளுக்கு உள்நோக்கம் தேவையில்லை. படகுகள் எங்கே இருந்தன என்பதுதான் கேள்வி.

எழுதும் முன் எதிர்த் தரப்பைத் தேடிப் பேசுங்கள். "அண்ணா, மேல் மார்க்ல எனக்கு உள்பக்கம் இடம் இருந்துச்சுன்னு நினைக்கிறேன். நீங்க எப்படிப் பார்த்தீங்க?" பாதிச் சண்டைகள் இந்த ஒரு கேள்வியில் தீர்ந்துவிடும். தீராவிட்டால் விசாரணை. மேசைமேல் பொம்மைப் படகுகளை நகர்த்திக் காட்டி இரு தரப்பும் பேசும். இருவருக்கும் முழு நேரமும் உள்ளே இருக்கும் உரிமை உண்டு, சாட்சி தன் முறைக்கு மட்டும் வருவார், சம்பந்தப்பட்டவரின் அப்பாவோ பயிற்சியாளரோ தீர்ப்பு சொல்லும் இடத்தில் உட்காரக் கூடாது. தோற்றவர் கைகொடுத்துவிட்டு வெளியே வர வேண்டும். ஜெயித்தவர் அதைப் பற்றி அன்று மேலும் பேசாமல் இருக்க வேண்டும். இரண்டாவதுதான் கடினம்.

பெற்றோர், பயிற்சியாளர் பற்றி ஒரு சொல். 2017 பதிப்பிலிருந்து அவர்களும் விதிக்குள் வந்துவிட்டார்கள். நல்ல நடத்தைக்கும் விளையாட்டு மனப்பான்மைக்கும் முரணான செயல், விளையாட்டுக்கே கெட்ட பெயர் தரும் செயல் ஆகியவற்றைக் கையாளும் 69ஆம் விதி, கரையில் நிற்கும் அப்பாவுக்கும் பொருந்தும். பத்து வயதுப் பிள்ளை கரைக்கு வந்து இறங்கியதும் "எத்தனாவது வந்தே?" என்பதை முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். "காத்து எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகப் பாய்மரப் படகு ஓட்டிய 4 பேரில் நேத்ரா குமணன், கே.சி. கணபதி, வருண் தக்கர் ஆகிய 3 பேர் சென்னையில் வளர்ந்த வீரர்கள். அதனாலேயே இந்த ஊரில் பிள்ளைகள் மேல் எதிர்பார்ப்பு ஏறியிருக்கிறது. எதிர்பார்ப்பு ஏறும் இடத்தில் குறுக்குவழியும் கூடவே வரும் என்ற கவலை எனக்கு உண்டு.

வேகப் படகும் மெதுப் படகும் கலந்து ஓடும் பந்தயத்தில் இன்னொரு பண்பு தேவை. பிரிட்டிஷ் கிளப்புகளில் போர்ட்ஸ்மத் யார்ட்ஸ்டிக் என்ற எண்முறை: எடுத்த நேரத்தை 1000ஆல் பெருக்கி, படகு வகைக்கான எண்ணால் வகுப்பார்கள். பெரிய பாய் போட்ட ஐஎல்சிஏவுக்கு அந்த எண் சுமார் 1100, ஆப்டிமிஸ்டுக்கு 1600க்கு மேல். ஐஎல்சிஏ 40 நிமிடத்தில் முடித்தால், ஆப்டிமிஸ்ட் ஏறக்குறைய 1 மணி நேரத்தில் முடித்தாலே சமம். அப்படியிருக்க, முந்திப் போகும் ஐஎல்சிஏ, ஆப்டிமிஸ்டின் மேல்காற்றுப் பக்கமாகப் போய் அதன் காற்றை அடைத்து நிறுத்துவதில் பொருளே இல்லை. இரண்டு மீட்டர் தள்ளிக் கீழ்ப்பக்கமாகப் போனால் இருவருக்கும் நேரம் மிச்சம். ஒரு சுற்று முந்தி வருகிறவர், வேறு கட்டத்தில் ஓடும் படகோடு வேண்டுமென்றே மோதலுக்குப் போவதை விதியும் தடுக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே, புத்தகத்தில் முதல் விதியாக நிற்பது ஆபத்தில் இருப்பவருக்கு உதவுவது. உதவியதால் இழந்த இடத்தை ஈடுசெய்யக் கேட்கவும் வழி உண்டு. 1988 செப்டம்பர் 24, சியோல் ஒலிம்பிக்கின் படகுப் பந்தயங்கள் நடந்த பூசான் கடல். கனடாவின் லாரன்ஸ் லெமியூ, ஃபின் என்ற ஒற்றை ஆள் படகில் இரண்டாவது இடத்தில் போய்க்கொண்டிருந்தார். காற்று 35 நாட் வரை ஏறியிருந்தது. பக்கத்தில் வேறொரு பந்தயத்தில் சிங்கப்பூரின் 470 வகைப் படகு கவிழ்ந்து, ஓட்டிகள் இருவரும் தண்ணீரில். லெமியூ தன் பாதையை விட்டுப் போய் இருவரையும் மீட்டு, காவல் படகு வரும் வரை காத்திருந்து ஒப்படைத்துவிட்டுப் பந்தயத்தைத் தொடர்ந்தார். பின்தங்கித்தான் முடித்தார். ஜூரி அவருக்கு அந்தப் பந்தயத்தின் இரண்டாம் இடத்தையே திரும்பத் தந்தது. ஒட்டுமொத்தத்தில் 11ஆம் இடம், பதக்கம் இல்லை. விளையாட்டுப் பண்புக்கான பியர் தெ கூபெர்த்தன் பதக்கம் கிடைத்தது.

2008இல், பெய்ஜிங் ஒலிம்பிக்கின் படகுப் பந்தயங்கள் நடந்த சிங்தாவில் வேறு விதம். இருவர் ஓட்டும் 49இஆர் வகைப் படகின் இறுதிப் பந்தயம் தொடங்கும் முன் டென்மார்க் படகின் பாய்மரம் முறிந்தது. இறுதிக்குத் தகுதி பெறாத குரோஷிய வீரர்கள் பாவ்லே கொஸ்தோவும் பெதார் சுபாச்சும் தங்கள் படகைக் கொடுத்தார்கள். டேனிஷ் வீரர்கள் கடைசி நிமிடத்தில் ஸ்டார்ட் கோட்டைக் கடந்து, அந்தப் பந்தயத்தில் ஏழாவதாக வந்து, தங்கம் வென்றார்கள். படகு மாற்றியதை எதிர்த்த வழக்கு விளையாட்டு நடுவர் நீதிமன்றம் வரை போய்த் தள்ளுபடி ஆனது.

கிளப் அளவில் உதவி என்பது இவ்வளவு பெரிதாக இருக்காது. கவிழ்ந்த படகைப் பார்த்தால் முதலில் தலைகளை எண்ணுங்கள். "ஓகேவா?" என்று கத்துங்கள். கட்டைவிரல் உயர்ந்தால் போகலாம். பதில் இல்லை, அல்லது ஆள் படகை விட்டு விலகி மிதக்கிறார் என்றால் பந்தயம் அங்கே முடிந்தது. பாய் மிதக்கும் பக்கம் போகாதீர்கள், கயிறு உங்கள் சுக்கானில் சிக்கும். ஆளை நோக்கிக் கீழ்க்காற்றுப் பக்கமிருந்து மேலே ஏறி, ஷீட்டை விட்டு வேகத்தைக் கொன்று, அவர் உங்கள் மேல்காற்றுப் பக்கம் வருமாறு நிறுத்துங்கள். அந்தப் பக்கம் பூம் அடிக்காது, படகு அவர் மேல் ஏறவும் செய்யாது. ரெஸ்க்யூ படகு ஓட்டுபவர் ஆளைத் தொடும் தூரத்தில் எஞ்சினை அணைக்க வேண்டும், நியூட்ரல் போதாது. தண்ணீரில் இருப்பது தேர்ந்த ஓட்டியா, முதல் வாரம் வந்தவரா என்பதில் வேறுபாடு காட்டக் கூடாது.

கரையில் நடப்பதும் இதன் பகுதிதான். ஐஎல்சிஏவின் வெறும் உடலே சுமார் 59 கிலோ. பாசி படிந்த ரேம்ப்பில் தனியாக இழுத்தால் கால் வழுக்கும். முன்னால் வந்தவர்கள் தங்கள் டிராலியை ரேம்ப் நடுவில் விட்டுவிட்டுக் குளிக்கப் போகக் கூடாது. கடைசிப் படகு மேலே ஏறும் வரை கைகொடுக்க இரண்டு பேர் நிற்க வேண்டும். பந்தயக் குழுவில் வெயிலில் 3 மணி நேரம் உட்கார்ந்தவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுங்கள், மிதவைகளை ஏற்ற உதவுங்கள், ஸ்டார்ட் லைன் கோணல் என்று சொல்ல வேண்டியதை அதன் பிறகு சொல்லுங்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை நீங்களே அந்த வேலையைச் செய்து பார்த்தால், மாறிக்கொண்டே இருக்கும் காற்றில் நேரான கோடு போடுவது என்ன பாடு என்று தெரியும்.

கரைக்கு வந்து துணி மாற்றும்போதுதான் சிலருக்கு உறைக்கும்: அந்த மார்க்கில் தவறு என் மேல்தான். அப்போதும் வழி இருக்கிறது. மதிப்பெண் எழுதுபவரிடம் போய் "என் படகுக்கு ஆர்இடி போட்டுடுங்க" என்றால் போதும். முடித்த பின் விலகியதாகப் பதிவாகும். 12 படகு பெயர் கொடுத்த தொடரில் முதலிடத்துக்கு 1 புள்ளி, விலகியவருக்கு 13. தொடர் முடிவில் ஒவ்வொருவரும் தங்கள் மோசமான ஒரு பந்தயத்தைக் கழித்துக்கொள்வது வழக்கம், இந்த 13ஐயும் அப்படிக் கழிக்கலாம். விலகாமல் இருந்து, நேர்மையாக ஓட்டவில்லை என்று 2ஆம் விதியின்படி விசாரணையில் உறுதியானால் கிடைப்பது டிஎன்இ என்ற தகுதிநீக்கம். அதற்கும் அதே 13 புள்ளிதான். ஆனால் கழிக்க முடியாது.